பிளவக்கலுக்குப் போகாத குதிரைகள்

நேற்று மத்தியானம் ஆலங்குளத்துப் பேத்தி ஒரு தாளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். கல்லூரியில் கொடுத்தது. கொடைக்கானல் மலையில் ஓர் ஏரிக்கரைப் பூங்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறார்களாம். இரண்டு நாள் குதிரைச் சவாரி, ஒரு ராத்திரி கூடாரத்தில் தங்கல். கொண்டுவர வேண்டிய சாமான்களை வரிசையாக அச்சடித்து, கீழே வீட்டுப் பெரியவர் கையெழுத்துப் போட ஒரு கோடும் விட்டிருந்தார்கள். அவளுடைய அப்பா முடியாது என்று சொல்லிவிட்டாராம். அதனால் பஸ் ஏறி என்னிடம் வந்துவிட்டாள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்க வாசித்தேன். போர்வை, டார்ச் லைட், மழைக்கோட்டு, தலைவலி மாத்திரை. எல்லாம் மனுஷருக்கு. குதிரைக்கென்று ஒரு வரி இல்லை.

"கொள்ளு எங்கட்டி? உப்பு எங்க? நடுவழியில லாடம் கழண்டா என்ன செய்வீங்க?"

"அதெல்லாம் குதிரைக்காரங்க பாத்துக்கிடுவாங்க அம்மாச்சி. ஒங்களுக்கு எப்படி இம்புட்டும் தெரியும்?"

கையெழுத்தை மட்டும் போட்டுக் கொடுத்தேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் என் எழுத்து கோட்டை விட்டு இறங்காது. என் பேத்தி குதிரை ஏறப் போகிறாள் என்பதில் எனக்கு இருக்கும் கர்வத்தை நான் மறைக்கவும் இல்லை. அவள் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லவில்லை. அந்தப் பதில் உங்களோடு பேச வேண்டியது. நீங்கள் கண்ணை மூடி ஒன்றரை வருஷம் ஆகிறது. இன்றைக்குத்தான் பேனாவை எடுக்க முடிந்தது.

நீங்கள் பட்டாளத்தில் இருந்த இருபத்திரண்டு வருஷமும் நான் இந்த ராஜபாளையத்து வீட்டில் அத்தையோடு இருந்தேன். வருஷத்துக்கு இரண்டு மாதம் வருவீர்கள். மற்ற பத்து மாதமும் பேண்டேஜ் கம்பெனிக்குத் துணி மடித்துக் கட்டுகிற வேலை, மகளின் பள்ளிக்கூடம், உங்கள் அம்மாவின் மூட்டுவலி. ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்தில் என் அண்ணன் வீடு. அதைத் தாண்டி நான் எங்கும் போனதில்லை. ஒரு லீவில் நீங்களாகத்தான் சொன்னீர்கள். "பென்ஷன் வாங்கிட்டு வந்ததும் ஒன்னையக் குதிரையில ஏத்தி பிளவக்கல் அணைக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க பூங்கா போட்டிருக்கான். தண்ணிக்கரையில கூடாரம் அடிச்சு ஒரு ராத்திரி தங்குவோம். சோறு நான் ஆக்குவேன்."

நீங்கள் அதை விளையாட்டாகச் சொல்லியிருக்கலாம். நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள், மூன்றாவது ஆள் இல்லாமல், உங்கள் பக்கத்தில். கல்யாணம் ஆனதிலிருந்து நான் உங்களிடம் வேண்டும் என்று கேட்டது அது ஒன்றுதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பென்ஷனோடு வந்தீர்கள். மகளை ஆலங்குளத்தில் சிமெண்டு ஆலை மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்து, பேத்தியும் பிறந்திருந்தாள். நான் ஞாபகப்படுத்தினேன். உங்களுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. பழைய காலண்டரின் பின்பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் வழி வரைந்தீர்கள். "இது ஆப்பரேஷன்ட்டி, பிக்னிக் இல்ல" என்று என்னை அதட்டினீர்கள். அணை அதிகாரிக்கு அனுமதி கேட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்து, எழுத்து ஓடாமல் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தீர்கள். வாங்கி நான் எழுதினேன். கரையில் தங்கலாம், பூச்செடிப் பக்கம் குதிரையைக் கட்டக் கூடாது என்று பதிலும் வந்தது.

உங்கள் வழியிலும் நான் கை வைத்தேன். நீங்கள் தார் ரோட்டோடு போகப் பார்த்தீர்கள். பஸ்ஸும் லாரியும் போகிற ரோட்டில் குதிரை மிரளும் என்று சொல்லி மம்சாபுரம் வழியாக மாற்றினேன். முதல் நாள் மத்தியானம் மடவார் வளாகத்தில் அண்ணன் வீடு. அங்கே நிழலும் தண்ணீரும் உண்டு. மறுநாள் விடியுமுன் கிளம்பி கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்பு, சாயங்காலம் அணை. ஒரு குதிரைக்கு எவ்வளவு கொள்ளு, எங்கே எங்கே தண்ணீர் காட்டுவது, உப்பு எதில் முடிவது, கட்டுக்கயிறு எத்தனை முழம், எல்லாம் என் எழுத்துதான். அப்பா ஜட்கா ஓட்டியவர். பத்து வயது வரை நான்தான் குதிரை மேல் ஏறிக் குளத்துக்கு ஓட்டிப்போய்த் தண்ணீர் காட்டி வருவேன், சேணம்கூட இல்லாமல். அப்பாவுக்குப் பிறகு அண்ணன் ஜட்கா ஓட்டினார். அவரிடம் வயதான வெள்ளைப் பெட்டைக் குதிரை ஒன்றும் இளம் செவலை ஒன்றும் இருந்தன. இரண்டையும் நமக்குத் தருவதாகச் சொன்னார்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பழகிப் பார்க்க இரண்டையும் ஓட்டி வந்தார். வற்றிக் கிடந்த கண்மாயில் கட்டிவிட்டு டீக்கடைக்குப் போனார். நீங்கள் செவலையின் மேல் காலைத் தூக்கிப் போட்டீர்கள். அது இரண்டு எட்டுதான் வைத்தது. மறுபக்கமாகச் சரிந்து கரம்பை மண்ணில் விழுந்தீர்கள்.

நான் ஓடி வந்து தூக்கினேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் குதிரையில ஏறுனதே இல்லட்டி. எங்க கம்பெனியில கோவேறு கழுதை. சாமான் அது முதுகுல போகும். நாங்க கயித்தப் புடிச்சிக்கிட்டுப் பக்கத்துல நடப்போம். இருபத்திரண்டு வருசமும் நடந்தேன்."

"பின்ன ஊரெல்லாம் குதிரைப் பட்டாளம், குதிரைப் பட்டாளம்ங்குதே?"

"ஊரு சொல்லிச்சு. நான் மறுக்கல. அம்புட்டுதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு சிரிக்கத் தோன்றவில்லை. பனியில், மலையில், ஒரு வாயில்லா ஜீவனோடு இருபத்திரண்டு வருஷம் நடந்த மனுஷன் குதிரையில் போனவனைவிட எந்த விதத்தில் குறைச்சல்? அதைக் கேட்கவும் கேட்டேன். நீங்கள் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தீர்கள். "யார்ட்டயும் சொல்லிராத" என்றீர்கள்.

"செத்தாலும் சொல்ல மாட்டேன்" என்றேன். இன்றுவரை சொல்லவில்லை. இப்போது எழுதுவதும் தெரிந்தவருக்குத்தான்.

அன்றைக்கே நம் திட்டத்தைத் திருப்பி எழுதினேன். சாதுவான பெட்டைக் குதிரை உங்களுக்கு, செவலை எனக்கு. அண்ணன் கேட்டபோது, "வயசான குதிரைக்கு அனுபவப்பட்ட கை வேணும்ண்ணே, அதான் அவுகளுக்கு" என்றேன். ஊருக்குள் இருக்கிறவரை குதிரையைக் கையில் பிடித்து நடப்பதுதான் பட்டாள ஒழுங்கு என்று தெருவில் சொல்லிவைத்தேன். மம்சாபுரம் தாண்டி, ஆள் இல்லாத இடத்தில் நீங்கள் ஏறிக்கொள்ளலாம். முடியாவிட்டால் நடந்தே வரலாம், நானும் இறங்கி நடப்பேன். உங்கள் மானம் ஒரு பொட்டும் போகாமல் அந்தப் பயணத்தை அமைத்தேன். அவ்வளவு யோசித்து வேறு எதையும் நான் செய்ததில்லை.

உங்கள் பழைய காக்கி பேண்ட்டைப் பிரித்து, சேலைக்குள் போட எனக்கு ஒரு கால்சட்டை தைத்துக்கொண்டிருந்தேன். "பேத்தி எடுத்தவ குதிரை ஏறப் போறாளாம்" என்று தெருவில் பேச்சு. அத்தை வந்து மெஷின் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். "ஏட்டி, குதிரையில போறவ நாடா வச்சுத் தைக்கணும். பட்டன்னா தெறிச்சிரும்" என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது. குத்திக் காட்டுகிறார்கள் என்று நினைத்தேன். பட்டனையே வைத்துத் தைத்தேன்.

அதற்குப் பிறகுதான் ஏட்டையா வந்தார். உங்கள் டீக்கடைக் கூட்டாளி. மெட்ராஸில் குதிரைப் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், அவர் நிஜமாகவே ஏறியவர். வாசலிலேயே சத்தம்.

"ஹவில்தார்! பிளவக்கல் போறீயளாம்ல, என்னைய விட்டுட்டா? எனக்கும் ஒரு குதிரை புடிச்சிட்டேன். போலீஸ் குதிரையா பட்டாளத்துக் குதிரையான்னு வத்திராயிருப்பு ரோட்டுல பாத்துருவோம்."

நீங்கள் சிரித்தீர்கள். அது என்ன சிரிப்பு என்று எனக்குத் தெரியும்.

"மதினியும் குதிரையிலதானா?" என்றார் என்னைப் பார்த்து. "அப்ப ஹவில்தார் மதினிக்கு முன்னால போவாரா, பின்னால போவாரா?"

அவர் போனதும் நான் சொன்னேன். "அவர் வரவேண்டாம்னு சொல்லிருங்க."

"எப்படிட்டி சொல்ல?"

"எம்பேர்ல சொல்லுங்க. அந்நிய ஆம்பளை கூட வந்தா நான் வரமாட்டேன்னு அடம் புடிக்கேன்னு சொல்லுங்க. ஊரு என்னையத்தான பேசும், பேசிட்டுப் போகுது."

"பாப்போம்" என்றீர்கள்.

இந்த இடத்தை நீங்கள் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். தப்பித்துக்கொள்ள நான் ஒரு வழி கொடுத்தேன். பழியை என் தலையில் வைத்துக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

பங்குனி பிறந்தது. நம் தெரு அம்மனுக்குத் திருவிழாச் சாட்டினார்கள். பூக்குழித் தீயில் இறங்குகிறவர்கள் கையில் காப்புக் கட்டிக்கொண்டால் திருவிழா முடிகிறவரை ஊர் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. அதையும் நான் யோசித்துத்தான் நாள் குறித்திருந்தேன். கட்டியவர்களுக்குத்தான் அந்தக் கட்டு, நம் வீட்டில் யாரும் கட்டுவதில்லை. நீங்கள் விபூதி பூசவே இரண்டு தடவை யோசிக்கிறவர்.

கிளம்ப மூன்று நாள் இருந்தது. கொள்ளுப் பையைத் தைத்து முடித்து, தார்ப்பாயைச் சுருட்டி, அரிசி, பருப்பு, புளி தனித்தனியாக முடிந்து ஒரு மூலையில் அடுக்கியிருந்தேன். உச்சிப்பொழுதில் வந்தீர்கள். வலது மணிக்கட்டில் மஞ்சள் துண்டு வைத்துக் கட்டிய கயிறு, ஈரம்கூடக் காயவில்லை.

"அம்மா ரொம்ப ஆசைப்பட்டா" என்றீர்கள், மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு. "பூக்குழி இறங்குன்னு ஒரே புடி. பெத்தவ பேச்சத் தட்ட முடியல. இனி எப்படி வெளிய தங்க?"

நான் "சரி" என்றேன். வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை. கெஞ்சுகிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அத்தை அப்போது வீட்டில் இல்லை. நீங்கள் கை கழுவிவிட்டு உட்கார்ந்து, இரண்டு தரம் தயிர் ஊற்றிச் சாப்பிட்டீர்கள். ஒரு மாதமாக நீங்கள் அப்படிச் சாப்பிட்டதில்லை. ஏட்டையாவிடம் போய்க் கையைக் காட்டினீர்கள். அவரும் கும்பிட்டு, அடுத்த வருஷம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டாராம். நான் பால்காரரிடம் அண்ணனுக்குச் சொல்லியனுப்பினேன். அடுத்த வருஷத்துக்குள் அண்ணன் இரண்டு குதிரையையும் விற்று டெம்போ வாங்கிவிட்டார். நீங்கள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

நீங்கள் சொன்னதை அப்படியே நம்பினேன். நாடா வைத்துத் தை என்று சொன்ன வாய்தானே, அது என் பயணத்தைக் கெடுக்கத்தான் செய்யும் என்று நினைத்தேன். அன்று சாயங்காலத்திலிருந்து உங்கள் அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடவில்லை.

ஒன்பது வருஷம். குறை சொல்ல முடியாதபடி செய்தேன். வேளைக்குச் சோறு, சனிக்கிழமை எண்ணெய், மூட்டுக்குத் தைலம். ஆனால் முகம் பார்த்துப் பேச்சு கிடையாது. "சாப்பாடு வச்சிருக்கு." "தண்ணி காஞ்சிருச்சு." சுவருக்குச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போவேன். ஒரு நாள் தட்டை வைத்துவிட்டுத் திரும்பும்போது என் சேலையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"எம்மேல என்னட்டி கோவம்?"

"கோவமா? அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சேலையை உருவிக்கொண்டு வந்துவிட்டேன். நின்று கேட்டிருந்தால், ஒரே ஒரு கேள்வி, எல்லாம் அன்றைக்கே தெரிந்திருக்கும். என் கர்வம் என்னை நிற்கவிடவில்லை. அது என் தப்பு. அதை உங்கள் கணக்கில் தள்ளமாட்டேன்.

உங்கள் பங்குக்கு வருகிறேன். இன்னொரு நாள் நீங்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். நான் அடுப்படியில் இருந்தேன். அத்தை உங்களிடம் கேட்டது எனக்குக் கேட்டது.

"ஏலே, அவ ஏன் எனக்கு முகம் குடுத்துப் பேச மாட்டேங்கா? நான் என்ன செஞ்சேன்?"

நீங்கள் பேப்பரைத் திருப்பினீர்கள். "அவ குணம் அப்படித்தான். விடு."

அன்றைக்கு நான் அதை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன். அம்மாவுக்காக என்னைத் திட்டவில்லையே, என் வருத்தம் புரிந்திருக்கிறதே என்று.

ஒன்பதாவது வருஷம் ஐப்பசி மழையில் அத்தை படுத்தார்கள். கடைசியில் பால் ஊற்றியது நான்தான். வாயைத் துடைத்துவிட்டேன். என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை என்று அப்போதுகூட என் வாயில் வரவில்லை.

நீங்கள் போன பதினாறாம் நாள் விசேஷத்துக்கு அம்மன் கோவில் பூசாரி வந்திருந்தார். வயதாகிவிட்டது, காதும் மந்தம். பந்தலில் எல்லார் முன்னாலும் உங்களைப் பற்றிப் பெருமையாகப் பேசினார்.

"அண்ணாச்சி பக்தி யாருக்கு வரும்! அன்னைக்கு உச்சி வெயில்ல ஒத்தையா வந்து நிக்காரு. 'பூசாரி, காப்புக் கட்டுங்க'ங்காரு. பூ வாங்க வந்த அவுக அம்மா பாத்துட்டாக. 'ஏலே, அவ மூட்டை முடிச்செல்லாம் கட்டி வச்சிருக்கா. கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டு ஏமாத்தாதலே. அடுத்த வருசம் நேந்துக்கோ, ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்'னு கையப் புடிச்சு இழுக்காக. அண்ணாச்சி கேக்கல. 'கட்டுங்க'ன்னுட்டாரு. 'வீட்டுல போயி ஒண்ணும் சொல்லிராதம்மா'ன்னு பெத்தவகிட்டச் சத்தியம் வேற வாங்கினாரு. அந்தம்மா அழுதுக்கிட்டே போனாக. பெத்தவ அழுதும் அசையலன்னா, அம்மன் மேல எம்புட்டுப் பக்தி பாருங்க!"

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஏட்டையா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் பரிமாறுகிற கரண்டியோடு நின்றேன். நாடா வைத்துத் தை என்று சொன்னது, நான் வழியில் அவமானப்படக் கூடாது என்றுதான். அத்தை மகனிடம் செய்த சத்தியத்தை ஒன்பது வருஷம் காப்பாற்றினார்கள், என் முகத்திருப்பலை வாங்கிக்கொண்டு. நான் உங்களுக்குச் செய்த சத்தியத்தைக் காப்பாற்றினேன். இரண்டு பொம்பளைகள் உங்கள் மானத்துக்கு இரண்டு பக்கமும் காவல் நின்றோம், ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல். இரண்டு பக்கமும் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் பேப்பர் படித்தீர்கள்.

குதிரையிலிருந்து விழுந்ததை நான் என்றைக்கும் குறைவாக நினைக்கவில்லை. ஏட்டையாவுக்குப் பயந்ததையும் மன்னித்திருப்பேன். பயணம் போகாததுகூடப் போகட்டும், எத்தனையோ பேர் எங்கேயும் போகாமல் சாகிறார்கள். பெற்றவள் உங்களிடமே வந்து நான் என்ன செய்தேன் என்று கேட்டாளே, அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். எனக்குத் தெரிய வேண்டாம், அவர்களுக்கு மட்டுமாவது காரணத்தைச் சொல்லியிருக்கலாம்.

அன்று பந்தலில் நான் அழுதேன். பொம்பளைகள் என்னைக் கட்டிக்கொண்டு, "அண்ணாச்சிய நெனச்சு உருகுதா பாரு" என்றார்கள். நான் அத்தைக்காக அழுதேன். அவர்கள் செத்தபோது அழாததையும் சேர்த்து அழுதேன்.

இப்போது அமாவாசை தவறாமல் இரண்டு இலை போடுகிறேன். முதல் இலை அத்தைக்கு. அதன் முன்னால் உட்கார்ந்து அத்தை, அத்தை என்று கூப்பிட்டுப் பேசுகிறேன். பேத்தி குதிரை ஏறப் போவதை நேற்றைய அமாவாசையிலேயே சொல்லிவிட்டேன். அவளுக்குக் கால்சட்டையை நாடா வைத்துத் தைத்துக் கொடுத்தேன் என்றும் சொன்னேன். பக்கத்து இலை உங்களுடையது. அதிலும் குறை வைப்பதில்லை. உங்களுக்குப் பிடித்த வாழைக்காய், பருப்பு வடை, தயிர், எல்லாம் வைக்கிறேன். பேச்சு மட்டும் கிடையாது. இந்த மடல்தான் கடைசி. பேசாமல் சோறு போடுவது எனக்குப் பழகிய வேலைதான், ஒன்பது வருஷம் ஆள் மாறிச் செய்துவிட்டேன்.